ஊர் விட்டு ஊர் வந்தவர்களும் வைரஸும் மரபணுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக வேலை செய்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று நாள் பனியன் கம்பெனிகளில் நடக்கும் மருத்துவ முகாம்களுக்கும் ஊசி, ட்யூப் பெட்டியோடு போவேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் இங்கே டெய்லராகவும் செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் இருக்கிறார்கள். ஊரில் ஒரு காய்ச்சல் பரவினால் பேச்சு முதலில் அவர்கள் பக்கம்தான் திரும்பும். "அவங்க ரத்தமே வேறங்க" என்பார் ஒருவர். "அவங்களுக்கு எதுவும் தாக்காதுங்க" என்பார் அடுத்தவர். இரண்டையும் ஒரே மேசையில், ஒரே காலையில் கேட்டிருக்கிறேன். நம் பிள்ளைகளும் சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று கிளம்பிப் போகிறார்கள். அங்கே அவர்கள்தான் வெளியூர்க்காரர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகள் இவை.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு எதிர்ப்பு சக்தி நம்மைவிடக் குறைவா, கூடுதலா?

எந்த வைரஸுக்கு எதிராக என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒருவருக்கு ஒரு வைரஸ் தொற்றுமா, தொற்றினால் எவ்வளவு படுத்தும் என்பதை மூன்று விஷயங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன: பெற்றோரிடமிருந்து வந்த மரபணு, வளர்ந்த ஊரில் ஏற்கெனவே சந்தித்த கிருமிகளும் போட்ட தடுப்பூசிகளும், இப்போது இருக்கும் இடம். அதாவது எத்தனை பேர் ஒரு அறையில், என்ன தண்ணீர், என்ன சாப்பாடு.

மரபணுவுக்கு உண்மையிலேயே வலு உண்டு. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். ஆனால் அந்த வலு ஆளுக்கு ஆள் மாறுவது. மாநிலத்துக்கு மாநிலம் கோடு கிழித்துப் பிரிவது இல்லை. 1972இல் ரிச்சர்ட் லெவோன்டின் என்ற மரபியலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மனிதர்களுக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது என்று கண்டார். பின்னால் வந்த ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன. ஆக, பெருந்துறையில் பக்கத்து பக்கத்து வீட்டுக்காரர் இருவருக்கு நடுவிலேயே பெரும்பாலான வேறுபாடு இருக்கிறது.

நோய் எதிர்ப்பு மரபணு என்கிறீர்களே, அது என்னதான் செய்கிறது?

நம் தொழிலை வைத்தே சொல்கிறேன். உடம்பின் ஒவ்வொரு செல்லையும் ஒரு பனியன் யூனிட் என்று வையுங்கள். உள்ளே எந்தெந்தப் புரதம் தயாராகிறதோ, அதில் ஒரு சின்னத் துண்டை எடுத்து வாசலில் கொக்கியில் மாட்டி வைப்பது செல்லின் வழக்கம். டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் செக்கிங் ஆட்கள் மாதிரி வாசல் வாசலாகப் போய் அந்தத் துண்டுகளைத் தடவிப் பார்க்கும். நம் சரக்கு என்றால் விட்டுவிடும். வைரஸ் உள்ளே புகுந்தால், நம் மெஷினிலேயே நம் நூலிலேயே தன் சரக்கைத் தைக்க ஆரம்பிக்கிறது. அந்தச் சரக்கின் துண்டும் கொக்கிக்கு வந்துவிடும். டி செல் அதைப் பார்த்ததும் அந்த யூனிட்டையே பூட்டிவிடும்.

அந்தக் கொக்கிகளைச் செய்யும் மரபணுக்கள்தான் எச்.எல்.ஏ. ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. டி செல் வைரஸை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை, கொக்கியோடு சேர்த்தே பார்க்கிறது என்பதை ரால்ஃப் ஜிங்கர்நாகலும் பீட்டர் டோஹெர்ட்டியும் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் எலிகளை வைத்துக் கண்டுபிடித்து 1974இல் வெளியிட்டார்கள். 1996இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது.

கொக்கி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மனித மரபணுக்களிலேயே மிக அதிகமாக வேறுபடுவது இவைதான். இதுவரை பெயரிட்டுப் பதிவு செய்த வகைகள் 30,000க்கும் மேல். ஒரு கொக்கியில் இந்த வைரஸின் துண்டு நன்றாக மாட்டும், இன்னொன்றில் வழுக்கி விழும். அம்மா தந்த கொக்கிகள் பாதி, அப்பா தந்தவை பாதி என்று நம் ஒவ்வொருவரிடமும் பல வகை உண்டு. இரண்டும் வேறு வேறாக இருந்தால் நல்லது, மாட்டக்கூடிய துண்டுகளின் வகை கூடும்.

எச்.எல்.ஏ. மட்டுமே கதை இல்லை. வைரஸ் நுழைந்த முதல் சில மணி நேரத்தில் டி செல் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. அப்போது தாக்கப்பட்ட செல் இண்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியே விடும். பக்கத்து யூனிட்டுக்கெல்லாம் ஃபோன் போட்டு "ஷட்டரை இறக்குங்க" என்று சொல்வது மாதிரி. அந்த ஃபோன் லைனுக்கும் மரபணுக்கள் உண்டு. அதில் பழுது இருந்தால் சாதாரண வைரஸ்கூட ஆளைச் சாய்த்துவிடும்.

ஒரே ரூமில் ஆறு பேர். நாலு பேருக்கு வாந்தி பேதி, ரெண்டு பேருக்கு ஒண்ணுமே இல்லைங்க. இது மரபணுவா?

இருக்கலாம். வாந்தி பேதிக்கு நோரோ வைரஸ் காரணம் என்றால் ரொம்பவே இருக்கலாம். குடல் சுவரில் சில சர்க்கரைப் பிடிமானங்களை வைப்பதா வேண்டாமா என்பதை எஃப்.யு.டி.2 என்ற மரபணு தீர்மானிக்கிறது. அது வேலை செய்யாதவர்களின் குடலில், நோரோவின் மிகப் பரவலான வகைக்குக் கால் ஊன்ற இடம் கிடைப்பதில்லை. ஐரோப்பியர்களில் ஐந்தில் ஒருவர் இப்படி.

இன்னொரு புகழ்பெற்ற உதாரணம் எச்.ஐ.வி. அந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய சி.சி.ஆர்.5 என்ற கதவு வேண்டும். அந்த மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வடிவம் இருப்பதை 1996இல் கண்டார்கள். இரு பெற்றோரிடமிருந்தும் அந்த வடிவம் வந்திருந்தால் பெரும்பாலான எச்.ஐ.வி. உள்ளே வர முடியாது. வட ஐரோப்பாவில் நூறில் ஒருவருக்கு இப்படி இருக்கும். இந்தியாவில் இது மிக அபூர்வம். வடக்கோ தெற்கோ, நம் யாருக்கும் அந்தப் பூட்டு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த ரூமின் ரெண்டு பேர் அன்றைக்கு நைட் ஷிஃப்டில் இருந்து அந்தச் சோற்றைச் சாப்பிடாமலும் இருந்திருக்கலாம். முதலில் அதைக் கேளுங்கள்.

அப்படின்னா நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று உண்டா?

இல்லை. மேலே சொன்ன அதே சி.சி.ஆர்.5 விடுபட்டவர்களுக்கு, கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் வந்தால் நோய் முற்றும் வாய்ப்பு கூடுதல். எச்.எல்.ஏ. பி 57 வகை இருப்பவர்களில் பலருக்கு எச்.ஐ.வி. மெதுவாகத்தான் முன்னேறும், அதே வகையின் ஒரு பிரிவு இருப்பவர்களுக்கு அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரை கொடுத்தால் உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை வரலாம். அதனால்தான் அந்த மாத்திரைக்கு முன் அந்த மரபணுவைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

சில ஊர்க்காரங்களுக்கு மஞ்சள் காமாலை ரத்தத்திலேயே ஊறியிருக்கும்ங்கிறாங்களே, உண்மைங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கம்பெனியின் மேலாளர். நல்ல மனிதர், வேண்டுமென்று யாரையும் தாழ்த்திப் பேசுகிறவர் இல்லை. அவருக்குச் சொன்ன கதையையே இங்கும் சொல்கிறேன், ஏனென்றால் இதே தப்பை ஒரு பெரிய விஞ்ஞானியும் செய்து, பிறகு தானே திருத்திக்கொண்டார்.

பரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்கர் 1960களில் ஒரு விஷயத்தைத் தேடிக்கொண்டிருந்தார். வெவ்வேறு நாட்டு மக்களின் ரத்தத்தில் பரம்பரையாக வரும் புரத வேறுபாடுகள் என்னென்ன, அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் மேலே நிற்கும் தெளிந்த நீரை எடுத்து, உலகெங்கிலும் இருந்து வந்த சீரங்களோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயாளி ஒருவரின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு சேர்ந்தபோது ஒரு கோடு விழுந்தது. ஒரு சீரம் மற்றதில் இருந்த ஏதோ ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அதனால் அந்தப் பொருளுக்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் வைத்து 1965இல் வெளியிட்டார்கள். அமெரிக்கர்களிடம் அது மிக அரிது. வெப்பமண்டல நாடுகளிலும் ஆசியாவிலும் அதிகம். சில குடும்பங்களில் பலருக்கு. எல்லா அடையாளமும் பொருந்திப்போனது. இது பரம்பரைக் குணம் என்றே அவர்கள் நினைத்தார்கள்.

அப்புறம் 1966இல் ஒரு நோயாளிக்கு முதல் பரிசோதனையில் இல்லாத அந்தப் பொருள் இரண்டாவது பரிசோதனையில் இருந்தது. பரம்பரைக் குணம் நடுவில் எப்படி முளைக்கும்? அவருக்குக் கல்லீரல் அழற்சியும் வந்திருந்தது. அடுத்த வருஷம் அந்தக் கூடத்திலேயே வேலை செய்த ஒரு பெண் உடம்பு சரியில்லாமல் போய், தன் ரத்தத்தைத் தானே பரிசோதித்தார். கோடு விழுந்தது. மஞ்சள் காமாலை அவருக்கு. நானும் கூடத்தில் வேலை செய்கிறவள் என்பதால் இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு நிமிஷம் நின்று போகும்.

அது பரம்பரைக் குணம் இல்லை, ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை. குடும்பத்தில் பலருக்கு இருந்ததற்குக் காரணம், பிரசவத்தில் அம்மாவிடமிருந்து குழந்தைக்குத் தொற்றியது. பிளம்பர்க்குக்கு 1976இல் நோபல் கிடைத்தது. அவர் கண்ட அந்தப் பொருளைத்தான் இன்றைக்கும் எச்.பி.எஸ்.ஏஜி என்ற பெயரில் நான் தினமும் பரிசோதிக்கிறேன். விரல் நீளத்துக்கு ஒரு அட்டை. அதன் குழியில் சீரம் விட்டால் ஈரம் மெதுவாக ஏறிப்போகும். பதினைந்து இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஒரு ரோஸ் கோடு மட்டும் தெரிந்தால் இல்லை, இரண்டு தெரிந்தால் இருக்கிறது. இரண்டாவது கோடு சில நேரம் மிக மெல்லியதாக இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பேன். அந்தக் கோடு ஒடிசாக்காரருக்கும் விழுந்திருக்கிறது, அவினாசிக்காரருக்கும் விழுந்திருக்கிறது.

மரபணுவுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. எச்.எல்.ஏ. டி.பி. என்ற கொக்கியின் சில வகைகள் இருந்தால் ஹெபடைடிஸ் பி உடம்பிலேயே தங்கிவிடும் வாய்ப்பு மாறுகிறது என்று 2009இல் ஜப்பானியர்களை ஆராய்ந்து கண்டார்கள். ஆனால் எந்த வயதில் தொற்றியது என்பது அதைவிடப் பல மடங்கு பெரிய காரணம். பிறக்கும்போது தொற்றினால் பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது நிரந்தரமாகத் தங்கும். பெரியவரான பின் தொற்றினால் இருபதில் ஒருவருக்குக்கூடத் தங்குவதில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஒரு ஊசி, மரபணு எப்படி இருந்தாலும் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடுகிறது.

பீகார், உத்தரப் பிரதேசக் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து சரியாகப் பிடிக்காது என்பது?

ஒரு காலத்தில் போலியோ சொட்டு மருந்தில் இது உண்மையாகவே நடந்தது. அந்தச் சொட்டு மருந்து மற்ற நாடுகளில் வேலை செய்யும் அளவுக்கு நம் குழந்தைகளிடம் செய்வதில்லை என்று 1970களிலேயே வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் எடுத்துக்காட்டினார். வேலூர்க் குழந்தைகள் பற்றித்தான் முதலில் பேச்சு என்பதைக் கவனியுங்கள். 2006இல் வந்த ஒரு கணக்கின்படி, ஒரு தவணை சொட்டு மருந்து முதல் வகை போலியோவிடமிருந்து காக்கும் திறன் உத்தரப் பிரதேசத்தில் 9 சதவீதம், பீகாரில் 18, நாட்டின் மற்ற பகுதிகளில் 21.

ரத்தம் வேறு என்று சொல்லிவிட்டு அன்றைக்கே கையைக் கழுவியிருக்கலாம். ஆனால் காரணம் நெரிசலும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும், குடலில் எப்போதும் குடியிருந்த மற்ற வைரஸ்களும்தான் என்று கண்டு, மருந்தின் வகையை மாற்றி, தவணைகளைக் கூட்டினார்கள். ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் செங்கல் சூளையிலும் போய் ஊற்றினார்கள். 2011 ஜனவரி 13ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் நாட்டின் கடைசிக் காட்டுப் போலியோ, அதாவது சொட்டு மருந்திலிருந்து வராமல் இயற்கையாகப் பரவும் போலியோ. அந்தக் குழந்தைகளின் மரபணு மாறவேயில்லை. போலியோ போனது.

கொரோனா நம்மை அதிகம் தாக்கியதற்கு நியாண்டர்தால் மரபணு காரணம் என்று படித்தேன்.

பாதிதான் சரி. நியாண்டர்தால் என்பவர்கள் நம் முன்னோரோடு சுமார் 50,000 வருஷங்களுக்கு முன் கலந்த, இப்போது இல்லாத மனித இனம். 2020இல் ஹியூகோ ஜீபெர்க், ஸ்வாந்தே பேபோ இருவரும் மூன்றாவது குரோமோசோமில் ஒரு துண்டு நியாண்டர்தாலிடமிருந்து வந்தது, அது இருந்தால் கொரோனா முற்றும் ஆபத்து கூடுகிறது என்று காட்டினார்கள். தெற்காசியாவில் பாதிப்பேரிடம் அதன் ஒரு பிரதியாவது இருக்கிறது, வங்கதேசத்தில் 63 சதவீதம், ஐரோப்பாவில் 16 சதவீதம். செய்தித்தாள்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டன.

அடுத்த வருஷம் அதே இருவரும் பன்னிரண்டாவது குரோமோசோமில் நியாண்டர்தால் தந்த இன்னொரு துண்டு ஆபத்தைக் குறைக்கிறது என்றும் எழுதினார்கள். அதற்கு அவ்வளவு விளம்பரம் கிடைக்கவில்லை. அதே 2021இல் ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர், அந்த மூன்றாவது குரோமோசோம் துண்டை இந்திய மக்களிடம் வைத்துப் பார்த்தபோது, ஐரோப்பியர்களிடம் கண்ட தொடர்பு தெற்காசியாவில் தெரியவில்லை என்று வெளியிட்டார்கள். ஒரு நாட்டு மக்களிடம் கண்ட முடிவை இன்னொரு நாட்டுக்காரர் நெற்றியில் அப்படியே ஒட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2023இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் செய்த ஆய்வும் எனக்குப் பிடித்த ஒன்று. மத்திய ஆப்பிரிக்கா, மேற்கு ஐரோப்பா, கிழக்கு ஆசியா வம்சாவளியில் 222 பேரின் வெள்ளை அணுக்களைக் கொரோனா வைரஸோடு சேர்த்துப் பார்த்தார்கள். மக்களிடையே வித்தியாசம் இருந்தது. ஆனால் அதில் நல்ல பங்கு மரபணுவால் வரவில்லை, சி.எம்.வி. என்ற வேறொரு வைரஸ் சின்ன வயதில் தொற்றி உடம்பில் சத்தமில்லாமல் தங்கியிருந்ததால் வந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரில் ஏறக்குறைய எல்லோரிடமும் அது இருந்தது, ஐரோப்பியரில் மூன்றில் ஒருவரிடம். பிளம்பர்க் கதைதான், அறுபது வருஷம் கழித்து.

அவங்க உழைச்ச உடம்புங்க, ஒண்ணும் ஆகாதுங்க. ரூமைப் பத்தி ஏன் கவலைப்படறீங்க?

இது பாராட்டு மாதிரிக் கேட்கும். ஆனால் ஆறு பேரை ஒரு அறையில் வைப்பதற்கு இது ஒரு சமாதானமாக ஆகிவிடுகிறது. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

2020இல் சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வங்கதேசத்தவர், சீனர், நம் தமிழர் எல்லோரும்தான். அந்த வருஷக் கடைசியில் அரசு கணக்குப் பார்த்தபோது 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. விடுதிக்கு வெளியே வாழ்ந்தவர்களில் அது மிகச் சிறிய பங்கு. விடுதிக்கு உள்ளேயும் வெளியேயும் இந்திய வம்சாவளியினர் இருந்தார்கள். மரபணு இரண்டு பக்கமும் இருந்தது, பன்னிரண்டு கட்டில் போட்ட அறை ஒரு பக்கம்தான் இருந்தது. இறந்தவர்கள் மிகக் குறைவு என்பது உண்மை. பெரும்பாலும் இளைஞர்கள் என்பதுதான் அதற்கு முதல் காரணம்.

டெங்கு ஒருத்தருக்கு லேசாக வருகிறது, இன்னொருத்தருக்கு ரத்தத் தட்டணு இறங்கிப்போகிறது. இதில் மரபணு உண்டா?

உண்டு. வியட்நாமில் குழந்தைகளை ஆராய்ந்து 2011இல் இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள், அதில் ஒன்று எச்.எல்.ஏ.வுக்குப் பக்கத்திலேயே இருப்பது. கியூபாவில் 1981இல் பெரிய டெங்கு வந்தபோது ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு நோய் முற்றியது குறைவு என்பதையும் கவனித்தார்கள்.

ஆனால் அதே கியூபா இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தது. 1977இல் முதல் வகை டெங்கு வந்து போயிருந்தது. 1981இல் வந்தது இரண்டாம் வகை. முன்பு ஒரு வகை வந்தவர்களுக்குத்தான் இரண்டாவது முறை முற்றியது. முதல் முறை உடம்பு உண்டாக்கிய பழைய எதிர்ப்பொருள் புது வகையைக் கொல்லாமல், செல்லுக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. டெங்குவில் நான்கு வகை உண்டு. ஆகவே காய்ச்சலோடு வருபவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "முன்னாடி டெங்கு வந்திருக்கா?" என்றும் கேளுங்கள். திருப்பூரில் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வருவதால் லைன் வீட்டு வாசலில் நீல டிரம்கள் நிற்கும். மூடி இல்லாத டிரம்மில் டார்ச் அடித்துப் பாருங்கள், கொசுப் புழுக்கள் வாலை ஆட்டிக்கொண்டு கீழே இறங்கும்.

என் மகன் இங்கே இருந்தவரைக்கும் அம்மை வரவில்லை. லண்டன் போய் மூணாவது மாசம் வந்துவிட்டது. நம் உடம்புக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லையா?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டது. இதில் மரபணுவுக்கு வேலை மிகக் குறைவு. சின்னம்மை குளிர் நாடுகளில் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வந்து போய்விடும். வெப்பமான ஊர்களில், அதுவும் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் தோட்டத்துச் சாளைகளில் வளர்ந்தவர்களில் நிறைய பேருக்கு இருபது வயதிலும் வந்திருக்காது. தென்னிந்தியா, இலங்கையிலிருந்து குளிர் நாடு போன இளைஞர்களுக்கு அம்மை வருவது அங்கே மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரல் வரை போகலாம் என்பதால், வெளிநாடு கிளம்பும் பிள்ளைக்கு அம்மை வந்ததா என்று அமத்தாவையோ அப்பாரையோ கேட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் இரண்டு தவணைத் தடுப்பூசி உண்டு. அரசுத் திட்டத்தில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

திருப்பூருக்கு வந்து மூன்றாவது மாதம் அம்மை போட்ட ஒடிசாப் பையனும் இந்த அம்மாவின் மகனும் ஒரே நிலைமையில் இருப்பவர்கள்தான்.

நாங்கள் கூட்டம் பார்த்துத்தானே கல்யாணம் செய்கிறோம்? அதனால் மரபணுப் பிரச்சினை வராதே?

கூட்டம் என்றால் எங்கள் கொங்குப் பக்கத்தில் குலம். ஆந்தை கூட்டத்துக்குள் ஆந்தை கூட்டம் கட்டக்கூடாது, கண்ணந்தைக்குள் கண்ணந்தை கூடாது என்பது நல்ல பழைய வழக்கம். ஆனால் கூட்டம் அப்பா வழியில் மட்டும் எண்ணப்படுகிறது. மரபணு இரண்டு வழியிலும் வருகிறது. மாமன் மகளுக்குக் கூட்டம் வேறு. அவளுக்கும் உங்களுக்கும் பாட்டி தாத்தா ஒன்று. மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமன் முறைக் கல்யாணம் நடக்கும் சமூகங்களில் இது நான்கில் ஒன்று.

ஏன் இதை இங்கே சொல்கிறேன் என்றால், எதிர்ப்பு மண்டலத்தையே முடக்கும் அரிய பிறவிக் கோளாறுகளில் பல, பழுதான பிரதி அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் சேர்ந்து வரும்போதுதான் வெளியே தெரியும். இண்டர்ஃபெரான் லைனில் ஒரு பழுது இருந்தால், மற்றவர்களுக்கு உதட்டில் கொப்புளத்தோடு போகும் ஹெர்பிஸ் வைரஸ் அந்தக் குழந்தையின் மூளையைத் தாக்கலாம். இது 2006இல் தெரியவந்தது. சொந்தத்தில் கட்டியவர்களில் பெரும்பாலோரின் குழந்தைகள் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் முன்பு கைக்குழந்தைகள் காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். "தோஷம்" என்று மூடி வைத்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். மூன்றாவது குழந்தைக்குத்தான் பரிசோதனைக்கு வந்தார்கள்.

எல்லோரும் ஜீன் டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாமா? வேலைக்குச் சேர்க்கும்போது கம்பெனியில் எடுக்கலாமா?

வேண்டாம். வேலைக்குச் சேர்க்க எடுப்பது அநியாயமும்கூட. மரபணுப் பரிசோதனைக்கு இடம் உள்ள நேரங்கள் சில: குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வந்தால், எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு எச்.எல்.ஏ. பொருத்தம் பார்க்க, நான் சொன்ன அபகாவிர் போன்ற மருந்துக்கு முன்.

எங்கள் லைன் வீட்டில் ஒரு வடநாட்டுப் பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது. ரூமைக் காலி செய்யச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவ ஆரம்பித்திருக்கும். காலி செய்தால் பஸ்ஸில், ரயிலில், இன்னொரு ரூமில் பரவும், அவ்வளவுதான். கூட இருப்பவர்களில் முன்பு சின்னம்மை வந்தவர்கள் யார் என்று கேட்டு, அவர்கள் அவனோடு இருக்கட்டும். வராதவர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள், தள்ளி இருக்கட்டும். கர்ப்பிணி ஏற்கெனவே அருகில் இருந்திருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு வந்தால் முதல் 24 மணி நேரத்தில் மாத்திரை தொடங்குவது நல்லது. மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிதான். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வேலைக்கு வேண்டாம், சம்பளத்தைப் பிடிக்கவும் வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

இப்படி ஒரு லைன் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். பத்து அறை, ஒரு குழாய். கடைசி அறையில் பத்தொன்பது வயசுப் பையன் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அந்தப் பாயில் பகலில் அவனும் இரவில் இன்னொருவனும் மாறி மாறிப் படுப்பது வழக்கம். நெற்றியில், காதுக்குப் பின்னால், தண்ணீர் கோத்த கொப்புளங்கள். வாசலில் யாரோ வேப்பிலைக் கொத்து செருகியிருந்தார்கள். எதிர் அறை ஆத்தா கம்மங்கூழைத் தூக்குப் போசியில் கொண்டு வந்து வைத்து, "குடி கண்ணு, தாயி எறங்கிப் போயிடுவா" என்றார். அவனுக்குத் தமிழ் புரியவில்லை, போசியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஆத்தாவுக்குச் சின்ன வயதில் சின்னம்மை போட்டிருந்ததா என்று கேட்டேன். முழங்கையைத் திருப்பி ஒரு பழைய தழும்பைக் காட்டினார். சரி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் ஆத்தா என்று சொல்லிவிட்டு, மற்ற ஒன்பது அறைகளில் கேட்கப் போனேன்.